கொசு வைத்திருக்கும் சாம்பிள்

டெங்குவில் படுத்திருந்தபோது கொசுவைத் திட்டிக்கொண்டே இருந்தேன். "இந்தக் கிருமியால அதுக்கு மட்டும் ஏன் காய்ச்சல் வரல?" என்று, உயிரியல் படித்த என் தங்கையிடம் எரிந்து விழுந்தேன்.

"கிருமியோட மரபு இழைய அது பொடிப்பொடியா நறுக்கிடும்ணா. ஒரு துண்ட சாம்பிளா வச்சிக்கினு, அதோட பொருந்துற இழையெல்லாம் தேடித் தேடி வெட்டும். கிருமி ஒழியாது, ஆனா அடங்கிக் கெடக்கும்."

எரிச்சல் போய்விட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் வேலையும் அதுதான். பழுதான தோலில் ஒரு துண்டு வெட்டி, அடுக்கிலுள்ள ஒவ்வொரு தோலோடும் வைத்துப் பார்ப்பேன். அதே பழுது இருப்பதையெல்லாம் கழித்துவிடுவேன். கண்ணால் பார்க்காமல், விளக்கும் இல்லாமல், தன் உடம்புக்குள்ளேயே இதைச் செய்கிறது ஒரு கொசு.

"சில துண்டு அதோட மரபணுவுலயே சேந்துடும். பொறக்கிற கொசுவுக்கும் போவும்," என்றாள்.

நாங்களோ ஒரு லாரியில் வந்த லாட் முடிந்ததும் துண்டைக் குப்பையில் போட்டுவிடுவோம். அதே பழுது அடுத்த லாரியில் வந்தால் முதலிலிருந்து முழிப்போம்.

வேலைக்குத் திரும்பிய அன்று, கழித்த தோலின் துண்டை என் மேஜைக்கு மேல் ஆணியில் மாட்டினேன்.

"இன்னாத்துக்குப்பா அது?" என்றார் சூப்பர்வைசர்.

"கொசு வச்சிருக்குதே சார்."

காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.