வழக்கு மாட்டைப் படம் பிடித்த சார்ஜன்ட்

தமிழில் எழுதினால் மேலிடத்துக்கு விளங்காது என்று நான் நம்பியிருந்தேன். பொலிஸ் உடுப்புப் போட்ட காலம் முழுக்க அப்படித்தான். எங்கள் நிலையத்தில் தமிழை ஒழுங்காக எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: சார்ஜன்ட் ஆகிய நானும், என்னைவிட நன்றாக வயது குறைந்த ஒரு பெண் கொன்ஸ்டபிளும். பொறுப்பதிகாரி சிங்களவர், நல்ல மனிதர். தமிழில் "வணக்கம்", "இருங்கோ", "சாப்பிட்டாச்சா" வரைக்கும் தானே போவார். அதற்கு அப்பால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஆகவே முகநூலில் நான் தமிழில் எதைக் கிறுக்கினாலும் அது எனக்கும் என் சனத்துக்கும் இடையிலுள்ள கதை என்று தீர்மானித்திருந்தேன். என் சனம் எப்படிப்பட்டது என்பதைத்தான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். அனுமதிப் பத்திரம் இல்லாமல் லொறியில் மாடு ஏற்றிப்போனவர்களைக் கனகராயன்குளத்துக்குக் கிட்டப் பிடித்தோம். நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை அந்த மாடுகள் வழக்குப் பொருட்கள். கஞ்சாப் பொட்டலம் என்றால் உறையில் போட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டலாம். மாட்டை எங்கே பூட்டுவது? நிலைய வளவுக்குள் கட்டினோம். வைக்கோல் தேடுவதும் தண்ணீர் காட்டுவதும் சாணம் அள்ளுவதும் சட்டம் ஒழுங்கைப் பாதுகாக்கும் பணியில் சேர்ந்துகொண்டன. ஒரு காலையில் அவற்றில் ஒரு சிவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, விறாந்தைக் கட்டுக்கு மேலால் தலையை உள்ளே நீட்டி, முறைப்பாடு எழுதும் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றது. யார் யார் இன்னும் கடமைக்கு வரவில்லை என்று கணக்கெடுக்கிற பார்வை. மேசையில் இருந்த நான் போனை எடுத்தேன். படத்தை முகநூலில் போட்டு, மேலே எழுதினேன்: "எங்கள் பொலிஸ் நிலையத்தில் நேரத்துக்கு வேலைக்கு வருகிறவர் இவர் ஒருவர்தான்."

பொலிஸ்காரர் இப்படியெல்லாம் படம் போடக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. காலை அணிவகுப்பில் அதை வாசித்து விளக்கம் சொன்னவனும் நான்தான். நல்ல கணீரென்ற குரலில் சொன்னேன் என்று ஞாபகம்.

நான் எதை இழக்கக்கூடியவன் என்பதையும் சொல்லவேண்டும். என் சேவைக் காலத்தில் பெரும்பகுதி தெற்கில், கடலோர ஊர்களில் போனது. வன்னிக்கு மாற்றம் கேட்டுக் கேட்டு, கையெழுத்து வாங்கி வாங்கி, ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தேன். பரந்தனில் வீடு. மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போய், பின்னேரம் திரும்பி வந்து, மனைவி சமைத்ததைச் சூட்டோடு சாப்பிடுகிற வாழ்க்கை. ஒழுக்காற்று விசாரணை ஒன்று வந்தால் முதலில் பறிபோவது அதுதான். மாற்றக் கடிதம் எழுத அவர்களுக்கு ஒரு பக்கம் போதும்.

படம் போட்ட அன்று மத்தியானமே அது விளையாட்டுக் காட்டத் தொடங்கியது. கனடாவில் இருக்கிற மச்சான், "உண்மையைச் சொல்லத் துணிந்த ஒரே பொலிஸ்காரன்" என்று மேலே ஒரு வரி சேர்த்துப் பகிர்ந்தான். அவன் அங்கே பனிக்குள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருந்தபடி எனக்குத் துணிவு வாங்கித் தருகிறான். அதைப் பார்த்து ஊர்ச் செய்தி போடுகிற பக்கம் ஒன்று, "பொலிஸாரே ஒப்புக்கொண்டனர்" என்று தலைப்பு வைத்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஒருவன் கீழே வந்து, "அப்ப நீ எத்தினை மணிக்குப் போறனீ மச்சான்?" என்று கேட்டான். இன்னொருவன், "உதிலே ஓஐசியும் அடக்கமோ?" என்று பொறுப்பதிகாரியையும் இழுத்தான். நான் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. எனக்காக அவர்கள் தங்களுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டார்கள்.

அழித்தேன். அழித்த பிறகுதான் அது நன்றாகப் பரவியது. என் முகநூலில் சொந்தப் பெயர் இல்லை, கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர்தான். முகத்துக்குப் பதிலாக எங்கள் பக்கத்துக் கொக்கிளாய்க் களப்பு நீரின் படம். அந்தக் களப்பும் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து அதை எடுத்துவிட்டு ஒரு கிளியை வைத்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனைவியின் போனை எடுத்து, அவளுடைய கணக்கிலிருந்து அந்தச் செய்திப் பக்கத்தில் எழுதினேன்: "இவரை எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியும். கடமை தவறாத மனிதர். வீணாகப் பழி சுமத்தாதீர்கள்." மனைவியின் கணக்கில் இருக்கிற படம் எங்கள் கலியாணப் படம். பக்கத்திலே பல்லைக் காட்டிக்கொண்டு நான்.

அவள் போனைத் திருப்பி வாங்கிப் பார்த்தபோது யாரோ ஒரு பெண், "அக்கா, பக்கத்திலே நிக்கிறதோ அந்தக் கடமை தவறாதவர்?" என்று கேட்டிருந்தாள்.

"உங்களுக்கு என்ன விசரோ?" என்றாள் மனைவி. "கள்ளனைப் பிடிக்கிற வேலை பார்க்கிறியள். ஒரு களவை ஒழுங்கா ஒளிக்கத் தெரியாது."

அன்றைக்கு அவள் வைத்தது மீன்குழம்பு. இனி எத்தனை நாளைக்கு இந்தக் குழம்பு என்று தட்டைப் பார்த்து நான் பெருமூச்சு விட, உப்புக் கூடிப்போச்சோ என்று அவள் கேட்டாள்.

அடுத்த கிழமை பொறுப்பதிகாரி கூப்பிட்டார். மேசையில் ஒரு கடதாசி. என் மாடு, என் வரி, என் பட்டப்பெயர், மேலே பழைய களப்பு. யாரோ போனில் பிடித்துவைத்து அச்செடுத்து, முறைப்பாட்டுக் கடிதத்தோடு மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடிதம் தமிழில். என் தமிழ் மேலிடத்துக்கு எட்டாது என்று நான் நம்பியிருக்க, ஒரு தமிழர் தபால் செலவு செய்து எட்டவைத்திருக்கிறார். பொறுப்பதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டையும் சிங்களத்தில் மொழிபெயர்த்துக் கொண்டுவரும்படி சொன்னார். நிலையத்தில் மொழிபெயர்ப்பு வேலை முழுக்க என்னுடையது. என் தூக்குக் கயிற்றையும் நானே திரிக்கவேண்டும்.

இருந்து எழுதினேன். எழுத எழுத என் வரி மெல்ல மெல்ல மரியாதையானது. முடிவில் அது, இந்நிலையத்தின் ஒழுங்கைக் கண்டு கால்நடைகளும் நேரந்தவறாமையைக் கடைப்பிடிக்கின்றன என்ற பொருளில் வந்து நின்றது. பெண் கொன்ஸ்டபிளிடம் காட்டினேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"அண்ணை, இது மொழிபெயர்ப்போ, ஓஐசி சேருக்குப் பிரியாவிடை உரையோ?"

"கொஞ்சம் பதமா எழுதினனான் பிள்ளை."

"நேரே எழுதுங்கோ. இஞ்ச ஆர் பகிடி விடுறது எண்டு வெளியில கட்டிக்கிடக்கிற மாட்டுக்கும் தெரியும். சேருக்குத் தெரியாதோ?"

நேரே எழுதினேன். அடியில், இதைப் போட்டவன் நானே என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். இதில் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லவேண்டும். சிங்களத்தில் அந்த வரி சிரிப்பாகவே இல்லை. இதற்காகவா இவ்வளவு பாடு என்று இருந்தது.

பொறுப்பதிகாரி வாசித்தார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மாடு கிடக்கட்டும் என்றார். படத்தின் ஓரத்தில், மாட்டின் கொம்புக்கு அந்தப் பக்கம், தன் கட்டைவிரலை வைத்து, இது யார் என்று கேட்டார்.

விறாந்தை வாங்குப் பலகையில் ஒரு பெண் இருந்தாள். முகம் தெளிவாகத் தெரிந்தது. தன் வீட்டு ஒழுங்கைக்குப் பின்னாலுள்ள பற்றைக்குள் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பற்றிச் சொல்ல வந்தவள். அவளை அந்த வாங்கில் இருக்கச் சொன்னதும், நீங்கள் வந்தது ஒருவருக்கும் தெரியவராது என்று சொன்னதும் நான். அந்தப் படத்தை நான் எத்தனையோ தரம் பார்த்துப் பார்த்துப் பதறியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் என் வரியைத்தான் பார்த்திருக்கிறேன்.

பெண் கொன்ஸ்டபிளைச் சாதாரண உடுப்பில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் திரும்பி வரும்வரை நான் வளவில் நின்று மாடுகளுக்குத் தண்ணீர் வைத்தேன். குடித்து முடித்தவற்றுக்கும் வைத்தேன்.

வந்தவள் சொன்னாள். படம் அந்த ஒழுங்கை வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. காய்ச்சுகிறவர்களில் ஒருவன் அவள் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்று, பொலிஸில் உனக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறான். அந்தப் பெண் அசையவில்லை. எங்கட மாடு துலைஞ்சு போச்சு, பொலிஸில மாடுகள் கட்டியிருக்கு எண்டு கேள்விப்பட்டுப் பார்க்கப் போனனான், படத்தில மாடு நிக்குதுதானே என்று சொல்லியிருக்கிறாள். அவனும் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, தன் சித்தப்பாவின் மாடும் காணாமல் போனதென்று கொஞ்சநேரம் கதைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவளிடம் மாடு இல்லை. ஆடுகூட இல்லை.

"அந்த அக்கா உங்களுக்கும் ஒண்டு சொல்லிவிட்டவா, அண்ணை," என்றாள் கொன்ஸ்டபிள்.

"என்னவாம்?"

"'இனி ஏதும் சொல்லவேணும் எண்டால் உங்களுக்குச் சொல்லுவன். அந்தச் சார்ஜனுக்குச் சொல்லமாட்டன்' எண்டவா."

விசாரணைக்கு நான் மாட்டைப் பற்றி ஏகப்பட்ட நியாயங்களோடு போனேன். நகைச்சுவை என்றால் என்ன, அது உளச்சோர்வை எப்படிக் குறைக்கிறது என்றெல்லாம் மனப்பாடம் பண்ணியிருந்தேன். அந்த வரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வழக்குப் பொருளைப் படம் பிடித்தாயா என்று கேட்டார்கள். முறைப்பாட்டுக்கு வந்தவரின் முகம் வெளியில் போனது உன்னாலா என்று கேட்டார்கள். சுற்றறிக்கை தெரியுமா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

மாடுகளை நீதிமன்றம் உரியவரிடம் கொடுத்தது. என்னைத் தெற்கே கடலோர நிலையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். மாதத்தில் ஒரு தரம் வீட்டுக்கு வந்து போகிறேன்.