சரளைப் பொட்டலில் ஆடியவர்கள்

ஆவூரில் எங்கள் பந்தாட்டக் குழுவில் யாருக்கும் பூட்ஸ் கிடையாது. மாதா கோயிலுக்குப் பின்னால் கிடந்த சரளைப் பொட்டல்தான் மைதானம். விழுந்தால் தோல் உரியும். அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

நான் அப்போது பக்கத்து ஊரில் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. இடது ஓரத்தில் ஓடுவேன். காப்டன் எங்களுக்கெல்லாம் மூத்தவர், கிணறு வெட்டுகிறவர். கோல் காத்தவன் அவருடைய சின்னாத்தா மகன். தகப்பன் இல்லாத ஒரே பிள்ளை. அவனை ஆட்டத்துக்கு அனுப்பவே அந்த அம்மாளுக்கு மனசில்லை. காப்டன்தான் பேசிப் பேசிக் கூட்டிவந்தார்.

"ஒத்தப் பிள்ளைய ஒன்ன நம்பி விடுறேன், பாத்துக்க" என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவரிடம் சொல்லுவாள்.

"நான் இருக்கேன்ல சின்னாத்தா" என்பார் இவர்.

அந்த வருஷம் குன்றாண்டார்கோவில்காரர்கள் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அறுப்பு முடிந்து மாட்டுக்கிடை போட்டிருந்த வயலில்தான் ஆட்டம். கடைசி நேரத்தில் வந்த பந்தை எங்கள் கோலி பாய்ந்து பிடித்தான். பந்து கைக்குள் இருந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு கருவேலங்கட்டையின் கூர்முனை குத்தி ஏறியிருந்தது. யாரோ காப்பித்தூளை அப்பித் துண்டால் கட்டினார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். அவனும் பாடினான்.

காயம் மேலே ஆறிவிட்டது. ஒரு வாரம் போயிருக்கும், காலையில் கஞ்சி குடிக்க அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. பல்வலி என்று நினைத்து அவன் அம்மா கிராம்பை நசுக்கி வைத்திருக்கிறாள். காப்டன் வந்து பார்த்தார். முகம் செத்துவிட்டது. கிணற்று வேலையில் கடப்பாரை குத்துப்பட்ட ஒருவன் ரணஜன்னி கண்டு இப்படி ஆனதை அவர் பார்த்திருக்கிறார்.

"வாய்ப்பூட்டு, வாத்தியாரே. வண்டியப் பூட்டுங்க."

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். சின்னச் சத்தத்துக்கும் அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மாட்டுச் சலங்கையைக் கழற்றி எறிந்தோம். திருக்கோகர்ணத்தை நெருங்கும்போது எதிரே சாமி புறப்பாடு, தவில் முழங்கிக்கொண்டு வந்தது. அவன் வில்லாக வளைந்தான். தலையும் குதிகாலும்தான் வைக்கோலில் பட்டன. காப்டன் குதித்து ஓடி, மேளக்காரர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு நின்றார். வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். மேளக்காரர் எட்டிப் பார்த்தார், தவிலிலிருந்து கையை எடுத்துவிட்டார். நாங்கள் தாண்டுகிற வரைக்கும் அந்தத் தெருவில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் இருட்டறையில் போட்டார்கள். காப்டனும் நானும் மாறி மாறி உள்ளே இருந்தோம். கொடுமை என்னவென்றால் அவனுக்கு நினைவு தப்பவே இல்லை. எல்லாம் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தபோது, கடித்த பல்லுக்குள்ளிருந்து ஒருதரம் காப்டனிடம் சொன்னான்:

"அண்ணே, ஆத்தாள உள்ள விடாதீங்க. இப்படிப் பாக்க வேணாம்."

அந்த அம்மாள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரும்போதெல்லாம் காப்டன் வாசலை மறித்து நின்றார். "டாக்டர் விடமாட்டேங்கிறார் சின்னாத்தா." பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போனார். மறுநாள் விடியும்போது உயிர் போய்விட்டது. அதன் பிறகுதான் அவளை உள்ளே விட்டார்.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பியதும் அவள் நேரே காப்டன் வீட்டுக்குப் போனாள். மூலையில் கிடந்த பந்தை எடுத்து அரிவாள்மணையில் வைத்து அறுத்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நீதான் கூட்டிக்கிட்டுப் போன. சாகும்போதும் நீதான் பாத்த. பெத்தவள அண்டவிடல" என்றாள். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"உள்ளதைச் சொல்லிரலாம்ணே" என்றேன் நான்.

"வேணாம் வாத்தியாரே. எம்மேல கோவமாவே இருந்துட்டுப் போகட்டும். மகனே தன்னை வேணாம்னான்னு தெரிஞ்சா அது தாங்காது. நீங்களும் சொல்லப்புடாது."

நான் சொல்லவில்லை. புதுப் பந்து வாங்கி மறுபடியும் ஆடினோம். கோலில் நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. காப்டனே போய் நின்றார். தெருவில் எதிர்ப்பட்டால் அந்த அம்மாள் அங்கிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். இவர் தலையைக் குனிந்துகொள்வார். வருஷக்கணக்கில் இப்படித்தான் ஓடியது.

பிறகு மழை பொய்த்து, ஊரெல்லாம் கிணற்றை ஆழமாக்கின காலம் வந்தது. அடியில் கரும்பாறை. பாறையில் குழி போட்டு வெடிமருந்து வைத்துத் திரி கொளுத்திவிட்டு மேலே வந்து காத்திருந்தார்கள். ஒரு குழி வெடிக்கவில்லை. ஆட்களை நிறுத்திவிட்டுக் காப்டன் தானே இறங்கினார். அவர் அடியில் கால் வைத்த பிறகு அது வெடித்தது. நாங்கள், அவரோடு ஆடினவர்கள்தான், சாக்கைக் கட்டி இறக்கி மேலே கொண்டுவந்தோம். அவர் மனைவிக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த அம்மாள் வந்தாள். கைம்பெண்ணாகிப்போன அந்தப் பெண்ணின் மடியிலிருந்த பச்சைக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் வரை இறக்கவில்லை.

அடக்கம் முடிந்தபின் அந்த அம்மாளிடம் போய் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எம்பிள்ள வேணாம்னு சொன்னத நான் தாங்கியிருப்பேன் தம்பி," என்றாள். "இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசாம விட்டுட்டேனே, இத எங்க கொண்டுபோய் வைக்க?"

அதற்குப் பிறகு நாங்கள் ஆடவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒருவர் மலேயா போனார், இரண்டு பேர் மில் வேலைக்குத் திருச்சிப் பக்கம் போனார்கள். பொட்டலில் ஆடு மேய்ந்தது.