பயத்துக்குப் போட்ட ஒரு மெக்

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்காரருக்கு ஊர் வைத்த பெயர் அரைவால்யூம். எந்தக் குமிழையும் பாதிக்கு மேல் திருப்ப மாட்டார். கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த பழைய செட்டைத் திறந்தால் இடது கை சட்டைப்பைக்குள் போய்விடும். இரண்டு கையாலும் தொட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும். அது நியாயமான பயம். லிஃப்டில் ஏறாததற்கு நியாயம் எதுவும் கிடையாது.

அத்தானின் பழைய செட்டைச் சரிசெய்து கொடுத்த மறுநாள் மத்தியானம், கடைத்தெருவிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"தம்பி, நீ செஞ்சது அழகா இருக்குடா. நேத்து அந்தப் பெரிய வால்வு உள்ள லேசா மினுக்குச்சு. இன்னைக்கு அதுக்குள்ள இருக்குற தகடே செவசெவன்னு ஆயிருச்சு."

"அத்தான் எங்கக்கா?"

"செட்டைப் பாடவிட்டு, பக்கத்துலயே நாற்காலி போட்டு தூங்குறாரு. எழுப்பினா கடிப்பாரு. நான் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."

அரைவால்யூமுக்குத் தன் தப்பு புரிந்துவிட்டது. வால்வுக்குள் கிரிட் என்று ஒரு கம்பி வலை உண்டு. அதில் சேரும் துளி மின்சாரம் வடிந்து போகும் வாய்க்கால்தான் ரெசிஸ்டர் என்ற தடை. மதிப்பு கூடக்கூட வாய்க்கால் குறுகும். முன்வரிசைச் சின்ன வால்வுக்கு ஒரு மெக், அதாவது பத்து லட்சம் ஓம், தாங்கும். ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வில் துளி தேங்கினால் அது அளவு மீறி மின்சாரம் இழுக்கும், சூடேறும், சூடேறினால் இன்னும் தேங்கும். அங்கே முதலில் இருந்தது இருநூற்றிருபது கே, கால் மெக்குக்கும் குறைவு. பழசு கருகியிருந்தது. தடை கூடினால் பத்திரம்தானே என்று இவர் ஒரு மெக் வைத்திருந்தார். எல்லாம் பயத்தில்.

செட்டுக்குப் பின்னால் ஜன்னல் திரை. முன்னால் அத்தான்.

அத்தானுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. ஓடினார். செருப்பு ஒன்று தெருவில் நின்றுவிட்டது. அக்கா வீடு ஆறாவது மாடி. படியைப் பார்த்தார், லிஃப்டைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். மூன்றாம் மாடியில் அது ஒரு குலுக்குக் குலுக்கியது. இறங்கத் தோன்றவில்லை.

கதவைக் குத்தினார். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரை கருகும் வாசனை வருகிறதா, இல்லை அது தன் பயத்தின் வாசனையா என்று தெரியவில்லை. மறுபடி குத்தினார்.

அத்தான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு திறந்தார். "என்ன மாப்ள, கதவு என்ன தப்பு பண்ணுச்சு?"

அவரைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு கையாலும் பிளக்கை இழுத்தார். சுவரிலிருந்த பெட்டியும் சேர்ந்து வந்தது. திரையின் ஓரம் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. சிவந்த தகடு மெல்லக் கறுத்தது.

"நல்லா பாடிட்டு இருந்துச்சேப்பா," என்றார் அத்தான். பிறகு திரையைப் பார்த்தார். தன் நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை.

சுவர்ப்பெட்டியை மாட்டி, கடைக்குப் போய் எடுத்துவந்த இருநூற்றிருபது கே ரெசிஸ்டரைப் பெரிய வால்வுக்கு வைத்து, மறுபடி போட்டபோது அக்கா வந்துவிட்டாள். மினுக்கல் உள்ளேயே இருந்தது, தகடு சிவக்கவில்லை.

"அந்த நெறம் போச்சேடா," என்றாள்.

அரைவால்யூம் அத்தானின் நாற்காலியில் உட்கார்ந்து தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னார்.