காகம் வராத ஆடி அமாவாசை

அன்று வீட்டில் இருந்தவர்கள்: என் மனிசி. மகள் தர்சினி. கந்தளாயிலிருந்து வந்த அக்கா. அக்காவின் புருஷன், அதாவது அத்தான். நான். சுவரில் படமாக அப்பா.

ஆடி அமாவாசை, தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கிற விரதம். காலையில் கடலில் முழுகி, மத்தியானம் படைத்து, மதிலில் காகத்துக்கு இலை வைப்போம். காகம் வந்து தொட்ட பிறகுதான் சாப்பாடு. அக்கா இருக்கிற இடத்தில் அது மாறாது.

என் வருத்தத்தை, அதாவது நோயை, முதலில் சொல்லவேண்டும். நான் மீன் வாடியில் (மீனைச் சேர்த்து அனுப்புகிற கொட்டில்) ஐஸ் உடைக்கிறவன். அந்த அமாவாசைக்கு நாலு வருடம் முன், ஒருநாள் வேலை முடிந்து, சந்தியில் பஸ்ஸால் இறங்கி, பாலையூற்று வீட்டுக்கு நடந்து வந்தேன். மனிசி வாசலில் நின்று, "மற்றச் செருப்பு எங்க?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. வெயிலில் கொதிக்கிற தார் றோட்டில் வந்திருக்கிறேன். காலுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். நீரிழிவு. நாங்கள் சீனி வருத்தம் என்போம். காலில் இருந்தது நியூரோபதி (நரம்பு பழுதாகி உணர்ச்சி குறைவது). கனகாலமாக இருந்திருக்கும் என்றார் டொக்டர். எனக்குப் பயம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. என் உடம்புக்குள் வருடக்கணக்காய் ஒன்று நடந்திருக்கிறது. என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

முதலில் குளிசை (மாத்திரை). பிறகு இன்சுலின் (இரத்தத்தில் சீனியைக் குறைக்கிற ஊசிமருந்து). சாப்பிட அரை மணித்தியாலம் முன், வயிற்றில் நானே போடுவேன்.

மனிசி வீட்டுக்குச் சட்டம் போட்டாள். சீனி, சர்க்கரை, பிஸ்கட், ஒன்றும் வாசல்படி தாண்டக்கூடாது. எனக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். மகளும் சீனி இல்லாத தேத்தண்ணிதான் குடித்தாள். அத்தான் வந்தால் சந்திக் கடைக்குப் போய்ச் சீனி போட்டுக் குடித்துவிட்டு வருவார். உன்ர வீட்டைவிட மறியல் நல்லம், ஜெயிலில எண்டாலும் சீனி குடுப்பினம் என்பார்.

அன்றைக்கு அப்பாவுக்குப் பிடித்த சவ்வரிசிப் பாயாசம் வைக்கவேணும் என்று அக்கா பிடிவாதமாய் நின்றா. மனிசி மறுத்தாள். கடைசியில் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம், அதற்கு மேல் இல்லை என்று ஒத்துவந்தார்கள். அந்த அளவுச் சீனியை அக்கா பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தா.

காலையில் எனக்குச் சாப்பாடும் இல்லை, ஊசியும் இல்லை. மத்தியானம் குசினியில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டது. சாப்பாடு கிட்ட வந்துவிட்டது என்று நினைத்து அறைக்குள் போய் ஊசி போட்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை.

படைத்தோம். மதிலில் இலை வைத்தோம். காகம் வரவில்லை.

அத்தான் மதிலடியில் நின்று கூப்பிட்டார். எதிர்வீட்டுக் கூரையில் மூன்று காகம் இருந்தன. அசையவில்லை. எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை முழுக்க மதிலுக்கு மதில் இலை. "இதுகள் வீட்டுக்கு வீடு சாப்பிட்டு முடிஞ்சுது. இனி வெத்திலைதான் வைக்கவேணும்," என்றார். மகள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

அரை மணித்தியாலம் போனது. அதற்கு மேலும் போனது. எனக்கு வேர்த்தது. கை நடுங்கியது. ஹைப்போ (சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிப்போவது) என்று விளங்கியது. கிளினிக்கில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனாலும் வாய் திறக்கவில்லை. அப்பாவுக்கு வருடத்தில் ஒரு நாள், கொஞ்சம் பொறுப்போம் என்று கதிரையில் இருந்தேன்.

மகள் முன்னால் வந்து நின்றாள். மகள் என்று தெரிந்தது. பெயர் வரவில்லை.

"அப்பா, ஊசி போட்டிட்டீங்களா?"

தலையாட்டினேன். அவள் சீனி பார்க்கிற மெஷினை எடுத்து விரலில் குத்தினாள். நாற்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போனாலே உடனே இனிப்பு வேண்டும்.

சீனி, சீனி என்று கத்தினாள். மனிசி குசினிக்குள் ஓடி டின்களைத் திறந்து திறந்து பார்த்தாள். அவளே காலியாக்கிய டின்கள். அத்தான் சைக்கிளில் சந்திக்குப் பறந்தார்.

அக்கா மதிலைப் பார்த்தா. பிறகு படத்துக்கு முன்னால் இருந்த கிண்ணத்தைக் கையில் எடுத்தா.

"மச்சாள், அது மாமாவுக்குப் படைச்சது," என்றாள் மனிசி.

"அப்பா கோவிச்சா நான் கதைக்கிறன். நீ இவன்ர தலையைப் பிடி."

விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. நினைவு தப்பியவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, நேரே ஆஸ்பத்திரி என்று டொக்டர் பிறகு சொன்னார். வாசிக்கிறவர்கள் இதை மறக்கவேண்டாம்.

நாலு வருடத்துக்குப் பிறகு வாயில் இனிப்பு. ருசி தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. தூரப் போயிருந்த சுவர் தன் இடத்துக்கு வந்தது. பிறகு பெயர் வந்தது. தர்சினி என்றேன். அவள் அழுதாள்.

எனக்கு இன்றைக்கும் அது விளங்காத அதிசயம். ஐம்பத்தாறு வருடம் சேர்த்த எல்லாம், பிள்ளையின் பெயர்கூட, ஒரு கிண்ணம் பாயாசத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா தன் கையால் எனக்குச் சோறு குழைத்துத் தந்தா. காகத்தை ஒருவரும் நினைக்கவில்லை. பின்னேரம் பார்த்தபோது மதிலில் வெறும் இலை கிடந்தது.

அடுத்த கிளினிக்குக்கு மனிசியோடு அக்காவும் வந்தா. டொக்டர் மூன்று பேருக்கும் ஏசினார். விரதம் என்றால் முதலே கேட்கவேண்டும், ஊசியின் அளவை மாற்றலாம். ஊசி போடுகிறவர் வீட்டில் சீனி இருக்கவேண்டும். போட்ட பிறகு சாப்பாட்டைப் பிந்த விட ஏலாது.

"அப்ப காகத்துக்கு?" என்று கேட்டா அக்கா.

"காகத்துக்குப் பிறகு வையுங்கோ அம்மா. அது ஊசி போடேல்லத்தானே."

இப்போது வீட்டில் குளுக்கோஸ் டின் இருக்கிறது. ஊசி போட்டால் உரத்துச் சொல்லுவேன். ஒழுங்கைக்கே கேட்குது என்கிறாள் மனிசி. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் உள்ள நேரத்தில் நான் வேறு வேலை செய்வதில்லை. கையை மடியில் வைத்து உடம்பைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். முன்பு அது என்னைச் சுமந்து போனது. இப்போது நான் அதற்குத் துணை இருக்கிறேன்.

இந்த வருடம் அமாவாசைக்கு அக்கா முதல் இலையை எனக்குப் போட்டா. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து மகள் விரலில் குத்தினாள். எல்லாரும் கிட்ட வந்து மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நூற்றெண்பதைத் தாண்டக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

நூற்று முப்பத்தெட்டு.