குழாயில் எழுதியிருந்த கோமதி

ஆறு வருடமாக என் குடலில் புண். மலத்தோடு ரத்தம் போனது, மாத்திரைக்கு நிற்கவில்லை. வாரம் ஒருநாள் சங்கரன்கோவில் வரும் குடல் டாக்டர், என் ரத்தத்தையே எடுத்து மிஷினில் சுற்றவிட்டு, தெளிந்து வரும் மஞ்சள் நீரைப் புண்ணில் ஊசியாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார். முழங்காலுக்குப் பலருக்குப் போட்டாயிற்றாம், குடலுக்கு இப்போதுதான் பார்க்கிறார்களாம். குணமாகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரத்தம் எடுப்பவர் ஒல்லியான ஆள், காதில் பேனா செருகியிருந்தார். ஊசியைத் தொடுமுன் குழாயில் ஒட்டிய சீட்டை நம்மையே வாசிக்கச் சொல்லுவார்.

"கோமதி. சரிதான், குத்தும்வே" என்றேன்.

"கீழயும் வாசிங்க ஆச்சி."

"எம்பேரு எனக்குத் தெரியாதாவே?"

"இந்த ஊருல வீட்டுக்கு ஒரு கோமதில்லா இருக்கு."

பேரைத் தவிர மற்றதை நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். அதை அவரிடம் காட்ட மனமில்லை. அவரோ ஊசியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"சி... வ... கி... ரி. ஏ, நான் சங்கரன்கோவில்லா!"

"சிவகிரி நாந்தான்" என்றாள், பக்கத்துப் பெஞ்சில் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள். குழாய் மாறியிருந்தால் என் ரத்தத்து நீர் அவள் முழங்காலுக்கும், அவளுடையது என் குடலுக்கும் போயிருக்கும்.

அவர் வேறு குழாயை நீட்டி, "இதையும் வாசிங்க" என்றார். முழுக்க வாசித்த பிறகே குத்தினார்.

குழாயை மாற்றி எடுத்தது அவர், கண்டுபிடித்தது நான். ஆனாலும் யாரையும் லேசில் கும்பிடாத நான், அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை.