கண்ணாடித் தட்டில் வளர்ந்த நரம்பு

கருக்கூடிய கோழிமுட்டைகளை அட்டையோடு மார்பில் அணைத்துக்கொண்டு, உடுமலைப்பேட்டை பஸ்ஸிலிருந்து ஒருக்களித்தபடி இறங்கும் அக்காதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, அவர் அங்கே ஐந்தாறு வருடங்களைக் கழித்திருந்தார். சொந்த அக்கா இல்லை. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர். உடுமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். உறவினரின் பண்ணையிலிருந்து முட்டைகளை அவரே கொண்டுவருவார். ஊருக்குப் போய்வருவது அவருக்கு ஓய்வாக இருந்ததேயில்லை. கண் சொக்கும், முட்டை உடைந்துவிடுமே என்று தூங்கவும் முடியாது.

அந்த முட்டைகளைச் சில நாட்கள் இளஞ்சூட்டில் வைத்து, உள்ளே வளரும் குஞ்சின் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளை நுண்ணோக்கியின் கீழ் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்ப்பது அவர் வேலை. தட்டில் நரம்பு இழைகள் தாராளமாக நீளும். ஆனால் மூளையிலோ தண்டுவடத்திலோ அறுந்துபோன இழை மீண்டும் வளர்வதில்லை. எது அதைத் தடுக்கிறது என்பதே அவருடைய கேள்வி. கேள்வி பெரியது, எங்கள் வசதி சின்னது. கரண்ட் போகும், ஜெனரேட்டர் கிளம்பாது. ஐப்பசி மழையில் வளர்ப்புப் பெட்டிக்குள் பூஞ்சை புகுந்துவிடும். அக்கா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கெட்டுப்போன தட்டுகளைக் கொட்டிவிட்டு, பெட்டியை ஸ்பிரிட்டால் துடைத்து, "செரி, மறுக்காப் போடலாம்" என்பார். வருடம் ஏற ஏற அந்தக் குரல் மெலிந்துகொண்டே போனது.

ஊரில் அவரை 'நரம்பு படிக்கற புள்ள' என்பார்களாம். கல்யாண வீட்டுக்குப் போனால் கால் மரத்துப்போகிறவர்கள், இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நான் அந்த டாக்டர் இல்லீங்க என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க என்று சொல்லப் பழகியிருந்தார்.

அப்படியிருக்கையில் ஒருநாள் காலையில், தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அவருடைய அப்பா வாய்க்காலோரம் சரிந்து விழுந்தார். பக்கவாதம். கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பேச்சு குழறலாகத் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. ஒரு மத்தியானம் அக்காவோடு நானும் பார்க்கப் போயிருந்தேன். அப்பா மகளைப் பார்த்துக் குழறலாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, நீ வளத்தற நரம்புல துளி எடுத்து என்ற கைக்கு வெச்சு உட முடியாதா?"

"முடியாதுங்கப்பா. அது கோழிக்குஞ்சு நரம்புங்க. தட்டுல வளருது, அவ்வளவுதானுங்க."

"அப்பறம் எதுக்குக் கண்ணு இத்தன வருசம்?"

அதில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்கா துவண்டு கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "விட்டுப்போடட்டுமா அம்மணி?" என்று கேட்டார். மறுநாள் நான் ஆய்வகத்துக்குப் போனபோது அவர் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பேராசிரியர் ஓய்வுபெறும் முன் அக்கா ஆய்வேட்டை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடி வேறு. எப்படியோ முடித்தார். வாய்மொழித் தேர்வுக்கு அவருடைய அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து முன்வரிசையில் என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இதனால் பக்கவாத நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்டார். எதிர்காலத்தில் வழி பிறக்கும் என்று மங்கலமாக ஒரு வரி சொல்லிவிடுவதுதான் எல்லாரும் செய்வது. அக்கா முன்வரிசையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் நிதானமாகப் பதில் சொன்னார்.

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "என்ன சொல்றா அம்மணி?"

"இப்போதைக்குப் பயன் இல்லைன்னு சொல்றாங்க. எது தடுக்குதுன்னு துளிதான் தெரிஞ்சிருக்காம்."

"அப்ப என்ற கை இப்படியேதான், இல்லீங்களா?"

"ஆமாங்க."

தலையாட்டினார். "பொய் சொல்லல பாருங்க" என்றார். பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக அறிவித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் இடது கையால் தன் தொடையில் தட்டிக்கொண்டேயிருந்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அக்காவை அழைத்தது. அவர் போகவில்லை. தாராபுரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கச் சேர்ந்தார். அதன்பின் ஒரு செல்லைக்கூட வளர்க்கவில்லை. அப்பாவுக்காகத் தியாகம் செய்துவிட்டாள் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

இன்று எனக்கென்று ஓர் ஆய்வகம் இருக்கிறது. கரண்ட் போவதில்லை, வளர்ப்பதற்கான செல்கள் உறைந்த நிலையில் பெட்டியில் வந்து சேர்கின்றன. ஆனால் ஐந்தாம் வருடத்தை எட்டும் மாணவர்களின் முகம் மட்டும் மாறவில்லை. போன வருடம் ஒரு தேர்வுக்காகத் தாராபுரம் போனபோது, கல்லூரி கேன்டீனில் அக்காவிடம், அப்பாவுக்காகத்தானே ஆராய்ச்சியை விட்டீங்க என்று கேட்டேவிட்டேன்.

"அப்பாவப் பாக்க அண்ணன் இருந்தாரே" என்றார். "மறுக்கா மறுக்காப் போட்டு எனக்கு அசந்துபோச்சு, அம்மணி. அவ்வளவுதான்."

அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, மத்தியான வகுப்புக்குக் கிளம்பினார்.