முழங்கால் போட முடியாதவளின் ஜெபம்

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. சுற்றி எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாயில் கிடக்கிறேன். வேலைக்குத் திரும்ப மூன்றே நாள் இருந்தது.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். திருவனந்தபுரம் வித்துரா ரூட்டில் பதினாறு வருஷம் நின்று நின்றே மூட்டு தேய்ந்துவிட்டது. மார்ச் மாதம் ஆபரேஷன் செய்து புது மூட்டு வைத்தார்கள். லீவெல்லாம் தீர்ந்தது. திங்கட்கிழமை டாக்டரிடம் ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். எனக்கோ அந்த வேலைதான் உயிர்.

முழங்கால் மட்டும் போடக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் ஜெபக் கூட்டத்தில் எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். எனக்கு வந்ததே ஒரு வெட்கம். கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்துகொண்டு கேட்டால் கர்த்தர் எப்படிக் கேட்பார் என்று தோன்றியது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நானே பாயில் இறங்கி முழங்கால் போட்டேன். மூட்டு நன்றாக இருக்க வேண்டுமென்று ஜெபிக்க, அந்த மூட்டின் மேலேயே ஏறி நின்ற புத்திசாலி நான்.

இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். வீட்டுக்காரர் வீக்கத்தைப் பார்த்து ஐஸ் வைத்துக்கொண்டே கேட்டார்: "டாக்டர் சொன்னது ஓர்மை இல்லியா ஒனக்கு? இனி திங்கக்கிழமை எப்படி நடப்பே?"

சனிக்கிழமையும் வீக்கம் வடியவில்லை. ஞாயிறன்று கொஞ்சம் வடிந்தது, வலி போகவில்லை. ஆராதனைக்குப் போக முடியாமல் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "ஆண்டவரே, இனி ஆயுசுக்கும் என்னால் முழங்கால் போட முடியாது. படுத்துக்கொண்டுதான் கேட்கிறேன். கேட்பீரா, மாட்டீரா?" என்று சண்டை போட்டேன். பிறகு அழுதேன்.

திங்கட்கிழமை டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, மூட்டு இடம் மாறவில்லை, மேலே சதைதான் அடிபட்டிருக்கிறது என்றார். ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. கண்டக்டருக்கு ஒரு கையில் டிக்கெட் மெஷின், ஒரு கையில் பை. ஆகையால் கைப்பிடியைத் தொடாமல் ஏறிக் காட்டுங்கள் என்று மாடிப்படிக்குக் கூட்டிப்போனார்.

முதல் படியில் காலை வைத்தேன். இயேசுவே. இரண்டாவது படி. இயேசுவே. கண்ணைத் திறந்தபடி, வியர்த்துக்கொண்டு, படிக்கு ஒரு ஜெபம். ஏழாவது படியில் வலி சுருக்கென்று ஏறியது. கை கைப்பிடிப் பக்கம் போனது. தொடவில்லை. எப்படித் தொடாமல் நின்றேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என்னைத் தாங்கினவர் அறிவார். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், டாக்டர் கீழே நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வித்துரா வண்டியில் புறப்படச் சொல்லி டபுள் பெல் கொடுத்தேன். ஆண்டவருக்கு எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் போதாது.

இப்போது டிக்கெட் கொடுக்கிற இடைவெளியில் ஜெபிக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் நாற்காலியில் வெட்கமில்லாமல் உட்காருகிறேன். இதை வாசிக்கிற சகோதரிகளே, முழங்கால் போட முடியவில்லையே என்று ஜெபத்துக்கு வராமலே இருக்கிற நாலைந்து பேரை எனக்குத் தெரியும். கால் மடங்குகிறதா என்று பார்த்துவிட்டா கர்த்தர் பதில் கொடுக்கிறார்? வாருங்கள். என் பக்கத்தில் இன்னும் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.